காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும்

சாத்தூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் புகழேந்தி அவர்களுக்குத் தங்கை பானுப்பிரியா வணங்கி எழுதுவது. இங்கு நாங்கள் நலம். உங்களுக்கும் மதினிக்கும் இருக்கன்குடி மாரியம்மன் துணை. கார் வந்து இரண்டு மாதம் கழித்து நன்றி எழுதுகிறேன், மன்னிக்கவும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

பாப்பாவுக்கு இரண்டரை வயது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று நான் அழுததால்தானே, திங்கட்கிழமைதோறும் விருதுநகர் பேச்சுப் பயிற்சி டாக்டரிடம் கூட்டிப்போக உங்கள் பழைய ஆட்டோமேட்டிக் காரைக் கொடுத்தீர்கள். கிளட்ச் கிடையாது, நீயே ஓட்டலாம் என்றீர்கள். எல்லாம் சரி. ஆனால் கியரை டி-யில் போட்டால் அது உடனே போகாது, எஞ்சின் மட்டும் உறுமும், பத்து எண்ணி முடிச்ச பிறகு யாரோ பின்னாலருந்து உதைச்ச மாதிரி ஒரு குதி குதிச்சுப் புறப்படும். இதை உங்க மாப்பிள்ளை முதல் நாளே பார்த்துட்டாக. அவுக பட்டாசு கம்பெனியில பதினோரு வருஷமா போர்மேன். திரி பத்தவச்சும் வெடிக்காத வெடிகிட்ட அரை மணி நேரம் யாரும் போகக் கூடாதுங்கிறது அங்க சட்டம். அன்னையிலருந்து டி-யில போட்டு வண்டி நகரலைன்னா எஞ்சினை அணைச்சு, எங்க எல்லாரையும் இறக்கி, பதினஞ்சடி தள்ளி நிறுத்திருவாக. டிக்கியில ரெண்டு மணல் வாளி வேற.

நான் பிஎஸ்சி பிசிக்ஸ். காரோட வந்த புத்தகத்தைப் படிச்சு, ‘கியர் ஆயில் கம்மியா இருந்தா இப்படித்தான் தாமதமாகுமாம், எஞ்சின் ஓடும்போதே அளவுக் குச்சியை விட்டுப் பாக்கணுமாம்’னேன். ‘ஓடுற எஞ்சின்ல எண்ணெய் பாக்குறதா? நீ வெடிமருந்து ரூமுக்குள்ள தீக்குச்சி கொளுத்தி அளவு பாப்பியாக்கும்’னுட்டு, எஞ்சினை ஆறவச்சு, மருந்து ரூமுக்குள்ள நுழையுற மாதிரி செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுப் பார்த்தாக. அணைச்சா ஆயில் எல்லாம் கீழ இறங்கி, குச்சியில அளவு கூடுதலாத்தானே காட்டும்? ‘அம்புட்டும் இருக்கு, உன் புத்தகத்தை மடிச்சு வை’ன்னாக. சரின்னு மெக்கானிக் ஒச்சப்பனைக் கூப்பிட்டேன். அவர் லாரி மட்டும் பாக்குறவர். குனிஞ்சு தேடிட்டு, ‘யம்மா, கிளட்சையே காணோம், போலீஸ்ல சொல்லிட்டீகளா?’ங்கிறார்.

நேத்து சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் முன்னாடி வண்டி நின்னுருச்சு. மனு குடுக்குற நாள், ஊர்ப்பட்ட கூட்டம். உங்க மாப்பிள்ளை ரெண்டு கையையும் விரிச்சு ‘கிட்ட வராதீக, தள்ளிப் போங்க’ன்னு சத்தம் போட, காருக்குள்ள பெரிய ஆபீசர் இருக்காகன்னு ஜனம் வரிசை கட்டிருச்சு. ‘எப்பய்யா இறங்குவாக?’ன்னு ஒரு அம்மா கேட்டா, இவுக கடிகாரத்தைப் பார்த்து ‘இன்னும் இருபது நிமிசம்’ங்கிறாக. வைப்பர் இடுக்குல ஒன்பது மனு சேர்ந்துபோச்சு. பட்டா மாத்தணும்னு மூணு, பஸ் நிக்கணும்னு ரெண்டு. எங்க கூட வந்த மாமியார் அய்யம்மாளும் வரிசையில நின்னு, பென்ஷன் கேட்டு நம்ம காருக்கே ஒரு மனு வச்சாக. கேட்டா, ‘இம்புட்டுப் பேரு வைக்கிறாக, சும்மாவா?’ங்கிறாக. அரை மணி முடிஞ்சு விருதுநகர் போனா டாக்டர் கிளம்பிட்டார். இப்படி டாக்டரைப் பாக்காமத் திரும்புறது இது நாலாவது திங்கக்கிழமை. என் பிள்ளை வாயே திறக்காமப் பள்ளிக்கூடம் போயிருமோன்னு எனக்குச் சோறு இறங்கலை அண்ணே.

ஆகவே கோபிக்காமல், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் அனுப்பிக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போய்க்கொள்கிறோம். பஸ் வழியில் நின்றால் உங்கள் மாப்பிள்ளை என்ன செய்வார் என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். மதினிக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும்.

என்றும் உங்கள் தங்கை,
பானுப்பிரியா

பின்குறிப்பு: மேலே எழுதினதைக் கிழிச்சிருங்க. கவர் ஒட்டப் பசை தேடும்போது வாசல்ல சத்தம். பாப்பா காரோட முன் பம்பரைக் கட்டிக்கிட்டு ‘மாமா’ங்கிறா. தெளிவா, ரெண்டு தடவை. உங்களை இல்ல, காரை. இங்க நாங்க எல்லாரும் ‘மாமா வண்டி’ன்னே சொல்றதால அதுதான் மாமான்னு நினைச்சிருக்கா. உங்க மாப்பிள்ளை அழுதுகிட்டே அதுக்குச் சந்தனம் வச்சுட்டாக. இனி அது ஓடணும்னு ஒண்ணும் அவசியமில்லை, இங்கனயே நிக்கட்டும். ஆளை அனுப்பாதீக. நீங்களே ஒருக்க வந்துட்டுப் போங்க, மாமாவுக்குக் கை கால் உண்டுன்னு பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா.