என் கொண்டை ஊசிகள்

பள்ளியில் கேட்ட ஒரு கைதட்டல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. தகரக் கூரையில் மழை இறங்குவதுபோல முதலில் ஓரத்தில் இரண்டு துளி, பிறகு மொத்த மண்டபமும் சடசடவென்று. கட்டுரைப் போட்டிக்கு என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். நான் கட்டுரை எழுதவே இல்லை. ஆனாலும் எழுந்தேன். பெயர் என்னுடையதாயிற்றே. பாதி தூரம் நடந்த பிறகு பார்த்தால், அதே பெயருள்ள இன்னொரு பையன் மேடையில் பரிசு வாங்கிக்கொண்டிருக்கிறான். நிற்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. நேராக நடந்து, மேடையைத் தாண்டி, குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். தாகமே இல்லாமல் ஒரு மனிதன் அவ்வளவு தண்ணீர் குடிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு எனக்காக யாரும் கைதட்டவில்லை. கிடைத்த வேலையும் அப்படி. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. தண்ணீர் வராவிட்டால் என்னிடம் வருவார்கள். கலங்கலாக வந்தால் வருவார்கள். நன்றாக வந்தால் வீட்டிலேயே குளித்துக்கொண்டிருப்பார்கள். "இன்னிக்குத் தண்ணி நல்லா இருந்துது சார், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று ஒருவர்கூட என் மேஜைக்கு வந்ததில்லை.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது என்று நீங்களாவது நினைக்க வேண்டும்.

எங்கள் மகள் படிப்பதற்காக வெளியூர் போன பிறகு என் மனைவிக்குச் சாயங்காலங்கள் நீண்டுவிட்டன. கைப்பேசியில் பார்த்து மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொண்டாள். கொதிக்கும் தண்ணீருக்குள் ஒரு கிண்ணத்தை இறக்கி மெழுகை உருக்குவாள். சின்ன டீக் கோப்பைகளில் ஊற்றுவாள். திரி சாயாமல் நிற்க அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தன் கொண்டை ஊசியைக் கோப்பையின் வாய்க்குக் குறுக்கே படுக்க வைத்து, அதன் இரண்டு கால்களுக்கு நடுவே திரியைக் கவ்வ விடுவாள். அத்தனை ஊசியும் கோப்பைகளுக்குப் போய்விடுவதால், மெழுகு ஆறும்வரை அவள் கூந்தல் முதுகெல்லாம் விரிந்து கிடக்கும். அப்படியே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது கூந்தல் விரிந்திருந்தால் இன்று மெழுகு ஊற்றியிருக்கிறாள், சாப்பாடு தாமதமாகும் என்று புரிந்துகொள்வேன். அவள் மெழுகுவத்திகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆறியதைக் கோப்பையிலிருந்து கழற்றி, காய்ந்த பூவிதழ்களைச் சுற்றிலும் வைத்து, சூடான கரண்டியின் முதுகால் தடவி ஒட்டுவாள். யாருக்காவது குழந்தை பிறந்தால், யாராவது வீடு மாறினால், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால், ஒரு மெழுகுவத்தி போகும். எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

"உங்க மேஜையில வைங்க. கத்த வர்றவங்க இதைப் பாத்தா கொஞ்சம் மெதுவா கத்துவாங்க."

வைத்தேன். கத்துகிறவர்கள் முன்போலவே கத்தினார்கள். ஆனால் ஒரு நாள் எங்கள் மேலாளர் அம்மாள் என் மேஜையருகே நின்றார். நான் சட்டென்று பேனாவை எடுத்துக்கொண்டேன். அவர் குனிந்து மெழுகுவத்தியை எடுத்தார். விரலால் ஒரு இதழைத் தடவினார்.

"என்ன ஒரு கைவேலை. யார் செஞ்சது சார்?"

வாயைத் திறந்தேன். 'என் மனைவி' என்று சொல்லத்தான் திறந்தேன். இரண்டே சொல். ஆனால் அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். புகார்ப் பிரிவில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

"நான்தான் மேடம்."

பக்கத்து மேஜைக்காரருக்கு அலுவலகத்தில் ஒலிபெருக்கி என்று பெயர். அவர் காதில் எது விழுந்தாலும் நாலு தெருவுக்குக் கேட்கும். அவர்தான் முதலில் தட்டினார். பிறகு தட்டச்சுப் பெண். பிறகு எல்லோரும். மழை என் தலையிலேயே பெய்தது. சுகமாக இருந்தது. அதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் சுகமாகத்தான் இருந்தது.

"எங்கம்மாவோட பிறந்தநாள் வருது. வர்றவங்களுக்கெல்லாம் இது மாதிரி ஒண்ணு குடுக்கணும்னு தோணுது. செஞ்சு குடுப்பீங்களா?" என்றார் மேலாளர். "நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன். எப்படிச் செய்யறீங்கன்னும் பாக்கணும்." மாதிரிக்கு வேண்டும் என்று என் மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு நடந்தபடியே ஒரு திட்டம் போட்டேன். என் மூளை நடக்கும்போதுதான் வேலை செய்யும், அதிலும் தப்பான பக்கம்தான் செய்யும். செய்வது அவள், கொடுப்பது நான். மேலாளர் வரும் நேரத்துக்கு அவளை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அவள் காதுக்கு மட்டும் இது போய்விடக் கூடாது. போனால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

"ஏம்மா, உன் மெழுகுவத்தி எங்க மேடத்துக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவங்கம்மா பிறந்தநாளுக்கு நிறைய வேணுமாம்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்படியா? யார் செஞ்சதுன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"வீட்ல செஞ்சதுன்னு சொன்னேன்."

"வீட்ல யாரு?"

"வீட்லன்னா வீட்லதான். இதுல யாருன்னு என்ன இருக்கு?"

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். அது என் சட்டை. கைகளைப் பின்னால் கட்டி, கழுத்தை நிமிர்த்தி வைத்தாள். சட்டை கைதிபோலக் கிடந்தது.

"செஞ்சுடலாம். ஆனா ரெண்டு நாளா மணிக்கட்டு வலி உயிர் போகுது. நீங்க செய்யுங்க. நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

"நானா?"

"ஏன், உங்களுக்கு வராதா?" என்றாள், மிக மென்மையாக.

மறுநாள் சாயங்காலம் அடுப்பின் முன் நின்றேன். வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் தலையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தன.

முதல் தடவை நான் ஊற்றிய கோப்பைகள் ஆறியதும் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி.

"என்ன இது, கன்னம் ஒட்டிப்போன மாதிரி இருக்கு?" என்றேன்.

"ரெண்டாவது தடவை ஊத்தணும். ஆறும்போது நடுவுல இறங்கும்."

"ஏன் இறங்குது?"

"எதுவுமே ஆறும்போது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கோபமே இறங்கலியா?"

எந்தக் கோபம் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் கரண்டியை அளவுக்கு மேல் சூடாக்கி இதழ்களைக் கருக்கினேன். ரோஜா என்று வைத்தவை தேயிலைபோல ஆயின. அதற்கடுத்த நாள், மிச்ச மெழுகைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். அது குழாய்க்குள் போய் நிம்மதியாக உறைந்துகொண்டது. தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்ககிட்ட ஒரு புகார் குடுங்க" என்றாள் அவள், கால்களை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டு. "ஆனா மரியாதையாப் பேசுங்க. உங்களுக்குக் கோபம் வந்துடும்."

ஒரு வாரத்தில் என் விரல்கள் பத்தும் பத்து விதமாகச் சுட்டிருந்தன. அப்போதுதான் கவனித்தேன். துணி இப்போது அவளுடைய இடது மணிக்கட்டில் இருந்தது.

"வலி அந்தக் கையிலதானே இருந்துது?"

"மாறிடுச்சு. சில விஷயம் கை மாறும்."

நான் அடுத்த ஊசியை எடுத்துக் கோப்பையின் மேல் வைத்தேன். நான் கேட்டால் அவளும் கேட்பாள். அவள் கேட்டால் நான் சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் அவள் கூந்தல் விரித்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் அவளுடைய ஊசிகளைக் கோப்பைகளின் மேல் அடுக்கினேன். இடையிடையே அவள் என்னைப் பார்ப்பாள். எதற்கோ காத்திருப்பதுபோலப் பார்ப்பாள். நான் சட்டென்று திரியைப் பார்ப்பேன். திரி சாய்ந்திருக்காது. ஆனாலும் நிமிர்த்துவேன்.

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மேலாளர் வருவதாக ஏற்பாடு. காலையிலேயே ஆரம்பித்தேன்.

"அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன். பாவம், ரொம்ப நாளாச்சு."

"அக்கா இங்கதான் போன வாரம் வந்தா. நீங்கதானே கதவு திறந்தீங்க?"

"கடைக்காவது?"

"என்ன வேணும்?"

என்ன வேண்டும் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. மேலாளர் அம்மாள். அவருக்குப் பின்னால், பெட்டி தூக்க வந்த ஒலிபெருக்கி. அலுவலகத்திலேயே இவரை விட்டால் வேறு தோள் இல்லையா?

என் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். மேலாளர் மேஜை நிறைய அடுக்கியிருந்த மெழுகுவத்திகளைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க குடுத்து வெச்சவங்க. இப்படி ஒரு வீட்டுக்காரர் யாருக்குக் கிடைப்பார்?"

தரையில் நான்கு ஓடுகள் தள்ளி ஒரு விரிசல் இருந்தது. அதில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"ஆமாங்க" என்றாள் என் மனைவி. "எல்லாம் அவர் ஒருத்தர்தான். நான் பக்கத்துல உக்காந்து பாத்ததோட சரி."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் உறுத்தியது.

மேலாளர் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எல்லாத்துலயும் மேல ரெண்டு மெல்லிய கோடு இருக்கே. அது என்ன சார்?"

"திரி நிக்கறதுக்கு மேடம். கொண்டை ஊசி வைப்பேன்."

"யாரோடது?"

இங்கேதான், ஒரே ஒரு உண்மையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பொய் பழகிய வாய் தனக்குத் தெரிந்த பாதையிலேயே போயிற்று.

"என்னோடதுதான் மேடம்."

மேலாளர் என் தலையைப் பார்த்தார். என் தலையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. காதோரத்தில் கொஞ்சம் உண்டு, அதுவும் முடிவெட்டுபவர் இரக்கப்பட்டு விட்டுவைத்தது. ஒலிபெருக்கிக்குப் புரையேறியது.

"அவரோடதுதாங்க" என்றாள் என் மனைவி, தட்டை நீட்டியபடி. "எனக்கு வேணும்னா கேட்டு வாங்கிக்குவேன். பிஸ்கட் எடுத்துக்குங்க."

மேலாளர் பைக்குள்ளிருந்து பழைய மெழுகுவத்தியை எடுத்து, புதியவற்றின் பக்கத்தில் வைத்தார். நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். என்னுடையவற்றில் இதழ்கள் சுவரொட்டிபோல ஒட்டியிருந்தன. அவளுடையதில் அவை அப்போதுதான் காற்றில் வந்து உட்கார்ந்தவைபோல இருந்தன.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த முதல் ஒண்ணு மாதிரி ஒண்ணுமே வரலையே, ஏன் சார்?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் அந்தச் சின்ன மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது செய்யறப்போ மனசு நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

மேலாளருக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது. எங்கள் ஊழியர் மன்றத்தில் வாரா வாரம் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோர் வீட்டுக்காரர்களுக்கும் இதை நான் சொல்லித் தர வேண்டும் என்றார். எனக்கு நேரம் இல்லை என்று தொடங்கினேன்.

"இருக்குங்க" என்றாள் என் மனைவி. "சனிக்கிழமை சும்மாதான் படுத்திருப்பார். அவருக்கும் சந்தோஷமா இருக்கும். கைதட்டுவாங்க இல்ல?"

பெட்டிகள் போயின. கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவள் மணிக்கட்டுத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எந்தக் கையிலும் வலி இருந்த அடையாளம் இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒலிபெருக்கியோட வீட்டம்மா காய்கறிக் கடையில சொன்னாங்க. அன்னிக்கே. நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே."

"அப்ப ஏன் நேரா கேக்கலை?"

"கேட்டா இல்லைன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் அது ரெண்டாயிடும். ஒரு பொய்யோட வாழ்ந்துடலாம்னு பாத்தேன்."

"தப்புதான்" என்றேன். "நாளைக்கே போய் மேடத்துகிட்ட சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"எல்லாம் நீதான் செஞ்சேன்னு."

"அது பொய்யாச்சே" என்றாள். "அத்தனையும் நீங்கதான் செஞ்சீங்க. நான் பாத்தேனே."

காலிக் கோப்பைகளிலிருந்து ஊசிகளைப் பொறுக்கினாள். வெந்நீரில் போட்டு மெழுகைக் கழுவினாள். துடைத்து, கூந்தலை வாரி முடிந்து, எண்ணி எண்ணிச் செருகிக்கொண்டாள். "இனிமே உங்களுக்கு வேணும்னா தனியா வாங்கிக்குங்க."

வாங்கினேன். கடைக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு, "வீட்டம்மாவுக்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

அன்றிலிருந்து அவள் மெழுகைத் தொடவில்லை. யாருக்காவது குழந்தை பிறந்தால் என்னிடம்தான் சொல்வாள், "ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று. ஒரு தடவை கெஞ்சிக்கூடப் பார்த்தேன். நீ ஒன்றே ஒன்று செய்து கொடு, என் மேஜைக்கு, மேலாளர் எடுத்துப்போனது திரும்பவில்லை என்று. "அது உங்க வேலையாச்சே, நான் எப்படி?" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் மன்றத்தில் வகுப்பு எடுக்கிறேன். கட்டிடத்துக்குப் பின்னால் ஊழியர்களுக்கான நீச்சல் குளம் இருக்கிறது. வகுப்பு எடுப்பவரின் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். நான் மெழுகு உருக்கும் நேரத்தில் என் மனைவி அங்கே போக ஆரம்பித்தாள். முதலில் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

இப்போது ஆழமான பக்கத்தில் நீந்துகிறாள்.