விரிசலுக்கு ஒரு திறப்பு விழா

விரிசலைக் கண்டு பயந்தவர்கள் உண்டு, சிமெண்ட் பூசியவர்கள் உண்டு. அதற்குச் சட்டம் போட்டு, விளக்கு வைத்து, மனித குலத்துக்கே காணிக்கையாக்கிய பெருமை பள்ளிக் கட்டடப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவரையே சேரும்.

அவருக்கு ஞானம் பிறந்த இடம் ஒரு கலைக்கூடம். மேலதிகாரியின் மனைவி கூப்பிட்டதால் தட்ட முடியாமல் போயிருந்தார். அங்கே பெண் ஓவியர் ஒருவர் உடைந்த செங்கல், துருப்பிடித்த கம்பி, கிழிந்த சாக்கு எல்லாம் சேர்த்துக் கூரை முட்ட ஒரு சுவர் எழுப்பியிருந்தார். அதன்மேல் கரிக்கோடுகள் தாறுமாறாக ஓடின. கூட்டம் அவருக்கு மாலை போட்டுக் கைதட்டியது.

பொறியாளருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைத்தானே அவரும் இத்தனை வருஷமாக ஊரெல்லாம் செய்துவருகிறார்! இந்த அம்மாவுக்கு மாலை, அவருக்கு மட்டும் மெமோவா?

மறுநாள் காலை தங்கை வந்து நின்றாள். அவர் பராமரிக்கும் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை.

"அண்ணா, என் வகுப்புச் சுவர் விரிசலுக்குள்ள இப்போ என் கையே போகுது. சுவர் விழுந்தா பிள்ளைங்க தலையிலதான். பயந்து சாகறேன்."

"கோடு எந்தப் பக்கம் சாயுது?"

"விளையாடாதீங்கண்ணா! கொத்தனாரை அனுப்புங்க."

"கலைமேல சிமெண்ட் பூசச் சொல்றியா? உனக்கு ரசனையே கிடையாது!"

துறை அதிவேகமாக இயங்கியது. அவசரக் கூட்டம் கூடி, 'பழுது' என்ற சொல்லை நீக்கி 'படைப்பு' என்று திருத்தியது. தங்கை கெஞ்சிக் கேட்ட கொத்தனாரும் ஒருவழியாக வந்தார், விளக்கு மாட்ட ஆணி அடிப்பதற்கு. அடித்த அடியில் விரிசல் இன்னொரு கிளை விட்டது. அதைக் 'கூட்டு முயற்சி' என்று பாராட்டினார்கள்.

திறந்துவைக்க அந்த ஓவியரையே அழைத்தார்கள். பிள்ளைகள் வகுப்பு வாசலில் பூவோடு வரிசையாக நின்றார்கள். ஓவியர் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"உங்க பாதிப்புதான் மேடம்" என்று குழைந்தார் பொறியாளர்.

"என் சுவருக்குள்ள இரும்புச் சட்டம் இருக்கு சார். அப்படியும் அதுக்குக் கீழே ஒரு ஆளை நிக்க விடமாட்டேன். இதுக்குக் கீழே என்ன வைக்கப்போறீங்க?"

பொறியாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"வழக்கம்போல மூணாங்கிளாஸ்தான் மேடம். நீங்க ரிப்பன் வெட்டினதும் உள்ளே அனுப்பிடுவோம்."