'ப்ரசென்ட்லி' என்றால் எப்போது?

காலை பத்து மணிக்குத் திண்டிவனத்தில் இருக்க வேண்டிய அரிபிரசாத், பத்தேகாலுக்கு விழுப்புரம் பேருந்து நிலையத்தில், புறப்படாத பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

பார்க்கப்போகும் பெண் கலைப்பிரியா. விழுப்புரத்தை அடுத்த வளவனூரில் தங்கி ஆங்கிலம் கற்பிப்பவள். விடுமுறைக்குத்தான் திண்டிவனம் வீட்டுக்கு வருவாள். போன மாப்பிள்ளையை, தாமதமாக வந்தான் என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்றவள்.

செல்பேசி மினுங்கியது. 'வேர் ஆர் யூ?'

தமிழில் என்றால் கவலையே இல்லை. குளிக்கப் போகும்போதே 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லலாம். யாரும் அதைப் பொய்யில் சேர்ப்பதில்லை. ஆங்கிலத்தில், அதுவும் டீச்சருக்கு?

“'சூன்'னு போடவா?” என்று பக்கத்திலிருந்த நண்பன் தேவாவைக் கேட்டான்.

“தீபாவளி கூடத்தான் சூன் வருது.”

“'ஷார்ட்லி'?”

“நீயே குள்ளம். அத வேற எழுதிக் குடுக்கணுமா?”

அகராதிச் செயலியைத் திறந்தான். 'ப்ரசென்ட்லி: சற்று நேரத்தில்.' கம்பீரமான சொல்லாகத் தெரிந்தது. 'ப்ரசென்ட்லி இன் திண்டிவனம்' என்று அனுப்பினான்.

தேவா திரையை மேலே தள்ளிப் பார்த்தான். “டேய், ரெண்டாவது அர்த்தம் ஒண்ணு கீதுடா. 'தற்போது'.”

அதற்குள் பதில் வந்துவிட்டது. அவளும் திண்டிவனத்தில்தான் இருக்கிறாளாம். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டிருந்தாள்.

“பேஜாரா பூடுச்சே! இப்பத்தான் கெளம்பினோம்னு உண்மையச் சொல்லிடுடா.”

நல்லவேளையாகப் பேருந்து நகர்ந்தது. உண்மைக்கு அதையே சாட்சியாக வைத்து, 'ஜஸ்ட் லெஃப்ட்' என்று அனுப்பினான்.

எங்கிருந்து என்று எழுதவில்லை. திண்டிவனத்தில் இருப்பவன் திண்டிவனத்திலிருந்துதானே கிளம்ப முடியும்?

'லெஃப்ட்? அதற்குள்ளாகவா?' என்று வந்தது. கூடவே அழுகிற பொம்மை ஒன்று.

“போச்சுடா. ஃபோன் பண்ணிப் பேசு.”

“இங்கிலீஷ்லயா?” என்றான் அரிபிரசாத். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். இனி இந்தப் பேருந்து திண்டிவனம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன?

நடத்துநர் முன்பக்கத்திலிருந்து சீட்டு கிழித்துக்கொண்டு வந்தார். ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் அவரிடம் பணத்தை நீட்டினாள்.

“ஒரு திண்டிவனங்க. கொஞ்சம் ஜல்தியா ஓட்டச் சொல்லுங்க. நான் அங்கதான் இருக்கேன்னு மெசேஜ் போட்டுட்டேன், அந்த மனுசன் பாத்துட்டுக் கோவிச்சுக்கினு கெளம்பிட்டாரு.”