என் பாதங்களுக்கு ஒன்பது கட்டளைகள்

மகளின் கலியாணத்தன்று தகப்பனுக்கு ஒரே ஒரு வேலைதான். கோயில் வாசலில் அவள் கையைப் பிடித்து, பீடம் வரை நடத்திக்கொண்டுபோய், மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பது. மற்ற எல்லாவற்றையும் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஒரு வேலைக்காகத்தான் ஆண்டவர் எனக்கு இரண்டு கால்களைத் தந்தார். தந்த அவசரத்தில் உள்ளங்காலில் வளைவு வைக்க மறந்துவிட்டார்.

தட்டைப் பாதம். நான் குளித்துவிட்டு ஈரக் காலோடு நடந்தால் தரையில் விழுவது பாத அடையாளமல்ல, வரிசையாக ரொட்டி. இத்தனை வருடமும் செருப்போடு சமாளித்துவிட்டேன். என் கலியாணத்தன்றுகூட, மாப்பிள்ளை பீடத்தடியில் சும்மா நின்றால் போதும் என்பதால் தப்பினேன். வெளியே வரும்போது என் மனைவிதான் என்னைத் தாங்கிக்கொண்டு வந்தாள். பார்த்தவர்கள் அதை அன்பு என்று நினைத்தார்கள்.

இப்போது என் மகள் ரொஷேலுக்குக் கலியாணம். கோட் சூட்டுக்குச் செருப்புப் போடக் கூடாதாம். புதுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஹோலைச் சுற்றி வந்தேன். இரண்டாவது சுற்றில் கணுக்கால் உள்பக்கம் சாய்ந்தது. குதிக்காலில் யாரோ ஆணி அடித்தார்கள். சோபாவில் விழுந்தேன்.

"என்னப்பா, அதுக்குள்ள பீடம் வந்திட்டுதோ?" என்றாள் என் மனைவி மரியகொறற்றி. நான் கொறற்றி என்றுதான் கூப்பிடுவேன். முழுப் பெயரையும் சொல்லி முடிக்க அவள் இடம் தந்ததில்லை.

"கோயில் எவ்வளவு நீளம் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும். முப்பது வருசத்துக்கு முதல் நானும் நடந்தனான்தானே. ஏலாட்டிச் சொல்லுங்கோ, ரெனால்ட் அண்ணா கூட்டிக்கொண்டு போவார். அவர் நல்லா நிமிர்ந்து நடப்பார்."

ரெனால்ட் அவளுடைய அண்ணன். எங்கே போனாலும் அவருடைய நெஞ்சு முதலில் போய்ச் சேரும், அவர் பிறகு வருவார். என் மகளை அந்த நெஞ்சா நடத்திக்கொண்டு போவது? இரண்டு மாதத்துக்குள் இந்த ரொட்டிகளை வளைத்தே தீருவதென்று அந்தச் சோபாவிலேயே சபதம் எடுத்தேன்.

அடுத்த நாளே கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து, வெள்ளவத்தையில் பிசியோதெரபி செய்யும் சஹ்லா மிஸ்ஸிடம் இருவரும் போனோம். மிஸ் என்னை நுனிக்காலில் நிற்கவைத்து, பின்னால் குனிந்து பார்த்தார்.

"அங்கிள், நுனிக்கால்ல நிக்கக்குள்ள வளைவு வருது. அப்ப இல்லாமப் போகல்ல. தூங்குது. எழுப்போணும்."

எனக்குப் பாதி உயிர் வந்தது. சப்பாத்துக்குள் வைக்க மெத்தை போன்ற ஒன்றைத் தந்தார். பயிற்சிகளை வட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். என்னுடையது பட்டன் போன் என்பதால் கொறற்றியின் நம்பரைக் கொடுத்தோம். அங்கேதான் விதி வேலையைத் தொடங்கியது.

மறுநாள் நான் வேலையால் வரும்போது பயிற்சிப் பட்டியல் மேசையில் இருந்தது. கொறற்றி கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து அழகாக டைப் பண்ணி, லாமினேட் செய்து வைத்திருந்தாள். கீழே கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் வட்டமாக ஊதா நிறத்தில் ஒரு சீல். மிஸ்ஸிடம் காட்டிக் குத்திக்கொண்டு வந்தாளாம்.

நான் ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்டில் இருபத்தெட்டு வருடமாக டொகியுமெண்ட் கிளார்க். சீல் தெளிவில்லை என்று நான் திருப்பி அனுப்பிய லொறிகளை வரிசையாக விட்டால் நீர்கொழும்பு வரை போகும். இலக்கம், கையெழுத்து, சீல் மூன்றும் இருந்தால் அது எனக்கு வேதவாக்கு. மூன்றும் இருந்தன. வாசித்தேன்.

துவாயைத் தரையில் விரித்துக் கால்விரல்களால் சுருட்டி இழுப்பது. ஐஸ் போத்தலை உள்ளங்காலால் உருட்டுவது. படி விளிம்பில் நின்று குதிக்காலை உயர்த்தி இறக்குவது. மாபிள் குண்டுகளைக் கால்விரலால் பொறுக்கிக் கோப்பையில் போடுவது. இந்த நாலும் சுகமாக இருந்தன. ஐந்திலிருந்துதான் மருத்துவம் கடுமையானது. நுனிக்காலில் நின்று ஃபேன் தகடுகளைத் துடைப்பது. ஈரத்துணியைக் காலடியில் போட்டு ஹோல் முழுக்கத் தேய்த்தபடி நடப்பது. ஒற்றைக் காலில் நின்று தேங்காய் திருவுவது. ஐந்து கிலோ சாமானோடு லிஃப்ட் பாவிக்காமல் மூன்று மாடி ஏறுவது. ஒன்பதாவது, சவர்க்காரத் தண்ணீருக்குள் கேர்ட்டன்களைப் போட்டுப் பத்து நிமிடம் மிதிப்பது.

"தேங்காய்க்கும் பாதத்துக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஒற்றைக் காலில நிண்டா பலன்ஸ். கையில வேலையும் இருந்தா டபுள் பலன்ஸ்."

"இந்தக் கேர்ட்டன்?"

"மெடிக்கல் விசயம். எங்களுக்கு விளங்காது. சீல் இருக்குதோ இல்லையோ?"

இருந்தது. மிதித்தேன். ஆறு வாரம் மிதித்தேன். எங்கள் வீட்டுக் கேர்ட்டன்கள் முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கேர்ட்டன்கள் வந்தன.

"இது ஆற்ற கேர்ட்டன்?"

"ஆற்றயா இருந்தா என்ன? பாதத்துக்கு ஆள் தெரியுமே?"

வீடு கலியாண வீடாக மின்னியது. நான்தான் மங்கிப்போனேன். பிறகு ஒருநாள் காலை குளித்துவிட்டு வந்து தரையைத் திரும்பிப் பார்த்தேன். ரொட்டியின் ஓரத்தை யாரோ கடித்திருந்தார்கள். உள்பக்கம் ஒரு சின்ன இடைவெளி. "கொறற்றி!" என்று கத்தினேன். அவள் ஓடிவந்து என் பக்கத்தில் குந்தினாள். பகிடி ஒன்றும் விடவில்லை. ஈரம் படாத அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வந்திட்டுதப்பா" என்றாள். எனக்கு அவள்மேல் முப்பது வருடத்துக் காதலும் திரும்ப வந்தது.

காதல் வேறு, கேர்ட்டன் வேறு. வளைவு வந்துவிட்டதே, இனி ஏன் மிதிக்க வேண்டும்? கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு திட்டம் போட்டேன். ஒபிசில் மீட்டிங் என்று சொல்லிவிட்டு, பட்டியலை ஒரு பையிலும் சப்பாத்தை இன்னொரு பையிலும் போட்டுக்கொண்டு தனியாக வெள்ளவத்தைக்குப் போனேன்.

"சப்பாத்தப் போடுங்க அங்கிள். நான்தான் கலியாணப் பொம்பள" என்று சஹ்லா மிஸ் என் கையைப் பிடித்தார். கிளினிக் வராந்தாவில் நடந்தோம். கடைசி வரை போனோம். திரும்பி வந்தோம். ஆணி இல்லை. சாய்வு இல்லை. கோர்ட்டில் தீர்ப்புக் கேட்டவன் மாதிரி நின்றேன்.

"கோயில் என்ன, நீங்க தெஹிவளை வரைக்கும் நடப்பீங்க" என்றார் மிஸ்.

ரெனால்ட் முதல் வரிசையில் உட்காரட்டும். என் மகளை நான்தான் நடத்திக்கொண்டு போகப்போகிறேன். கண்ணைத் துடைக்க நான் சுவர்ப்பக்கம் திரும்பவேண்டி இருந்தது. துடைத்துவிட்டுப் பட்டியலை நீட்டினேன்.

"மிஸ், ஐந்து தொடக்கம் ஒன்பது வரை கொஞ்சம் குறைக்க ஏலுமோ?"

"நான் நாலுதானே அனுப்பின?" மிஸ் வாசித்தார். தோள் குலுங்கியது. "சீலும் எங்கட இல்லையே அங்கிள்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீலை முதல்தடவையாக வாசித்தேன். "சூசையப்பர் மரண உதவிச் சங்கம், கொட்டாஞ்சேனை. செயலாளர்." செயலாளர் கொறற்றிதான். உயிரோடு இருக்கும்போதே ஒரு மரண உதவிச் சங்கம் என்னை ஆறு வாரம் கேர்ட்டன் மிதிக்க வைத்திருக்கிறது.

என் உத்தியோகக் குரலை வரவழைத்தேன். "மிஸ், இது போலி ஆவணம். பின்பக்கத்தில உங்கட தீர்ப்ப எழுதி, உங்கட சீலக் குத்தித் தாங்கோ."

மிஸ் திரும்பவும் என்னை நுனிக்காலில் நிற்கவைத்துப் பார்த்தார். ஒரு காகிதத்தில் விறுவிறென்று எழுதிப் பின்பக்கத்தில் ஒட்டினார். கையெழுத்து. டப் என்று சீல். இந்தமுறை நான் ஏமாறவில்லை. சீலை எழுத்தெழுத்தாக வாசித்தேன். அசல். அதற்கு மேல் ஒரு கிளார்க்குக்கு என்ன வேண்டும்? பஸ் முழுக்க விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கொறற்றியின் முன்னால் போட்டேன். "செயலாளர் அம்மா, வாசியுங்கோ! சத்தமா வாசியுங்கோ!"

அவள் வெட்கப்படவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, நிதானமாக வாசித்தாள்.

"ஐந்து தொடக்கம் ஒன்பது வரை மிக நல்ல பயிற்சிகள். முன்னேற்றத்துக்கு இவையும் காரணம். கலியாணத்துக்குப் பிறகும் விடாமல் செய்யவும். ஒன்பதாவதை இருபது நிமிடமாகக் கூட்டவும்."

பட்டியலை என் கையில் திருப்பித் தந்தாள்.

"பாத்தீங்களோ, நான் பாவம் பாத்துப் பத்து நிமிசம் எண்டு போட்டனான்."