ஸ்பிளிட் ஏசியும் எதிர்வீட்டு ஜன்னலும்

நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை என்று எழுதி முடிவெடுக்கிறவனைக் கிட்டே சேர்க்காதீர்கள். நான் அந்த ரகம். என் தங்கை சாந்தியின் கல்யாணத்தை அப்படித்தான் கெடுத்தேன்.

தாராவியில் எங்கள் சந்து மூன்றடி அகலம். மாடியில் எங்கள் ஜன்னலும் எதிர்வீட்டு ஜன்னலும் முகத்துக்கு முகம். அந்த வீட்டுச் செல்வத்துக்கும் சாந்திக்கும் (ஜன்னல் வழியாகவே) பிடித்துப்போக, பெரியவர்கள் சம்மதித்துப் பூ வைக்க நாள் குறித்தார்கள். செல்வத்தின் அப்பா துரை மாமா பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். இரும்பு ஏணியில் அவரை இறக்க முடியாது. ஜன்னலோரக் கட்டிலிலிருந்தே விசேஷத்தைப் பார்ப்பார் என்று ஏற்பாடு.

மே மாதம், தகரக் கூரை. ஐரோலி ஐடி கம்பெனியில் கம்ப்யூட்டர் தட்டுகிற அண்ணன் நான் இருக்க, சம்பந்திகளை வேர்க்க விடலாமா? நோட்டை எடுத்தேன். ஜன்னல் ஏசி, இருக்கிற ஒரே ஜன்னலை அடைக்கும். ஸ்பிளிட் என்றால் சுவரில் ஓர் ஓட்டை போதும், சத்தமெல்லாம் வெளியே. குளிர்காலத்தில் சூடும் தரும் என்றார் கடைக்காரர். (மும்பையில் அது எந்த மாதம் என்று நான் கேட்கவில்லை.) அதையும் நன்மையில் எழுதினேன். தீமை, கரண்டு பில் மட்டும்.

விசேஷத்தன்று காலையில் மாட்ட வந்த மெக்கானிக், வெளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தின் அகலத்தைப் பார்த்தார். "சாம்னேவாலோன் கோ பூச்சா க்யா?" எதிர்வீட்டில் கேட்டாயா என்கிறார்.

"அப்னே ஹி லோக் ஹை" என்றேன். நம்ம ஆட்கள்தானே!

தாராவியில் வெளியே என்று ஓர் இடமே கிடையாது. நமக்கு வெளியே என்பது இன்னொருவருக்கு உள்ளே. இது என் நோட்டில் இல்லை.

குளிர் போய்விடும் என்று ஜன்னலை நானே சாத்தினேன்.

"மாமா பாக்கணும்லா, அண்ணே" என்றாள் சாந்தி.

"போட்டோ காட்டிக்கிடலாம், சும்மா இருடீ."

வந்தவர்கள் ஊட்டி மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் இரண்டு டிகிரி குறைத்தேன். செல்வத்தின் அம்மா பூவை எடுத்துச் சாந்தியின் தலைக்குக் கொண்டுபோன நேரம், லோடு தாங்காமல் கரண்டு போனது. ஏசி நின்றது. அப்போதுதான் மாமாவின் குரல் எங்கள் காதில் விழுந்தது.

"ஏல செல்வம்... ஜன்னலத் தொறந்து விடுல..."

திறந்தோம். அனல் முகத்தில் அடித்தது. ஒரு மணி நேரமாக எங்கள் பெட்டி ஊதிய சூடு முழுவதும் மாமாவின் கட்டில் மேல். புரண்டு படுக்கக்கூட முடியாத மனிதர், தலையணை நனைய வேர்த்துக் கிடந்தார்.

"பூ வச்சாச்சால?" என்றார்.

செல்வத்தின் அம்மா பூவைத் தாம்பாளத்திலேயே திரும்ப வைத்தார். "ஒங்க அண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தாயி" என்று சாந்தியிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பந்தம்தான் போயிற்று. எதிர்வீட்டார் அந்த ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள், செல்வத்துக்கு அம்பர்நாத்தில் பெண் எடுத்தார்கள். என் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

சாந்தி இப்போது காட்கோபரில் குடும்பமாக இருக்கிறாள். நாலு பேர் கூடினால் இந்தக் கதையை அவளே எடுப்பாள். "எங்க அண்ணன் மாப்பிள்ளைக்கு ஏசி போட்டான், மாமனாருக்கு அடுப்பு மூட்டுனான்" என்பாள். அவள் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். அவள் மட்டும் காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விடுவாள்.