நாலு சக்கரமும் நாற்பது அபிப்பிராயமும்

மனித இனத்தில் 'எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்' என்றொரு பிரிவு உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. செருப்புக் கடையில் ஒரு காலில் பழுப்பும் மறுகாலில் கறுப்புமாக நின்றுகொண்டு, மழைக்கு ஒதுங்கிய யாரோ ஒருவரைக் கூப்பிட்டு, "சார், எது எடுப்பா இருக்கு?" என்று கேட்பவர் அதன் சாதாரண உறுப்பினர். சொன்னதை வாங்குவாரா? மாட்டார். "அப்படியா சொல்றீங்க?" என்பார். அப்புறம் அடுத்தவரைக் கேட்பார்.

இந்தப் பிரிவின் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்திருப்பவர் என் அக்காவின் கணவர். பல் வைத்தியர். அடுத்தவர் கடைவாய்ப் பல்லை அடைப்பதா பிடுங்குவதா என்று அரை நொடியில் தீர்மானித்து, மறு அரை நொடியில் பிடுங்கியும் விடுவார். துணிச்சல் அத்தோடு சரி.

அவருடைய வெள்ளைக் காரின் சக்கரங்கள் நடைபாதை ஓரங்களில் உரசி உரசிச் சொறி பிடித்தாற்போல் இருந்தன. வண்டி கழுவுகிறவர் ஒருநாள் சும்மா இருக்காமல், "பவுடர் கோட்டிங் போட்டா புதுசாட்டம் ஆயிடும் டாக்டர்" என்று சொல்லித் தொலைத்தார். பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டு, வண்ணப் பொடியைத் தூவி, ஆள் உயர அடுப்பில் வைத்துச் சுட்டெடுக்கும் வேலை அது. சாதாரண பெயின்டைவிடக் கெட்டி. ஆனால் எங்காவது பெயர்ந்தால் ஒட்டுப்போட முடியாது, முதலிலிருந்து சுரண்ட வேண்டும். இந்த 'ஆனால்' இருக்கிறதே, அதுதான் அத்தானின் மனத்தில் போய்க் குடியேறியது.

டயர் கடைக்காரரைக் கேட்டார். இன்சூரன்ஸ்காரரைக் கேட்டார். லிஃப்டில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மின் பணியாளரை, வெளியே எடுப்பதற்கு முன்னால், கதவிடுக்கு வழியாகக் கேட்டார். கார் வைத்திருப்பவர், கார் விற்றவர், கார் என்றாலே வாந்தி எடுப்பவர் என்று பேதமே பார்க்கவில்லை. நோயாளிகள் பாடுதான் திண்டாட்டம். வாய்க்குள் பஞ்சும் குழாயும் கண்ணாடியும் கிடக்க, மேலே ஒரு முகம் குனிந்து கேட்கும்:

"பவுடரா, பெயின்டா?"

"ஆ... ஆ..."

"ஆமான்னா எது? பவுடருக்கு ஆமாவா, பெயின்டுக்கு ஆமாவா?"

கடைசியில், "கழட்டிட்டா முடிவு தானா வந்துடும்" என்று எவரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பட்டறையில் கொண்டுபோய் இறக்கினார். பவுடர்தான் என்பதும் ஒருவழியாக உறுதியானது. நான் பெருமூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். பட்டறையில் வண்ண அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் சாம்பல் மட்டும் இருபத்தாறு.

பன்னிரண்டு நாள். சக்கரமில்லாத கார் வாசலில் செங்கல் மேல் தவம் கிடந்தது. அத்தான் அட்டையோடு அலைந்தார்.

இதில் அக்காவின் பிழைப்பு மாட்டிக்கொண்டதுதான் கொடுமை. தபால் நிலையத்தில் பதினெட்டு வருடம் முத்திரை குத்தியவளுக்கு அப்போதுதான் தலைமைப் பதவி கிடைத்திருந்தது. புதிய கிளைக்குப் பஸ் கிடையாது, காரில்தான் போக வேண்டும். லைசென்ஸ் தேர்விலோ இரண்டு முறை தோற்றிருந்தாள். இரண்டு முறையும் பின்பக்கமாக வந்து கோட்டுக்குள் நிறுத்தும்போது கூம்பைத் தட்டிவிட்டாள். மூன்றாவது தேர்வு வியாழக்கிழமை, இதே காரில். விட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்து. அதுவரை அந்தப் பதவி காத்திருக்காது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது.

"ஏங்க, நாளன்னைக்கு எனக்கு டெஸ்ட்."

"தெரியும்மா. நாளைக்குக் கலர் சொல்லிடறேன்."

"பன்னண்டு நாளா இதையேதான் சொல்றீங்க."

"அவசரப்பட்டு ஒரு சாம்பலைப் போட்டுட்டு ஆயுசு பூரா அது மூஞ்சியில முழிக்க முடியுமா?"

"என்னைக் கட்டிக்கும்போது இவ்வளவு யோசிச்சீங்களா?"

"யோசிக்காம? பதினாறு பேரைக் கேட்டேனே!"

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். "பதினேழாவது ஆளையும் கேட்டிருக்கலாம். நான் தப்பிச்சிருப்பேன்."

புதன்கிழமை காலையில் விடுப்புப் போட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். பட்டறையை நடத்துபவர் முழங்கை வரை மஞ்சள் பொடி அப்பிய ஓர் அம்மாள்.

"சாயங்காலத்துக்குள்ள முடியுமா?" என்றாள் அக்கா.

"முடியும். ஆனா இன்னைக்கு மஞ்சள்தான் ஓடுது. பூங்காவுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் போகணும். வேற கலர்னா எல்லாத்தையும் கழுவி எடுக்க நாளைக்கு ஆயிடும்."

"எந்த மாதிரி மஞ்சள்?"

"பிள்ளைங்க தெருமுனையிலேர்ந்தே பாத்துட்டு ஓடி வர்ற மஞ்சள்."

"போடுங்க."

அவ்வளவுதான். இருபத்தாறு சாம்பலும் ஒரே சொல்லில் ஒழிந்தன. "அக்கா, எதுக்கும் அத்தானை ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் போய்ச் சக்கரங்களை எண்ண ஆரம்பித்தேன்.

அன்று மாலை டயர் மாட்டி, சக்கரம் பூட்டி, கார் மறுபடி தரையில் நின்றது. வெள்ளைக்காரி மஞ்சள் கொலுசு போட்டுக்கொண்டாற்போல் இருந்தது. அத்தான் வீடு திரும்பினார். கேட்டருகே நின்றார். எக்ஸ்ரே பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது... யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

"யாரையுமேவா?"

"யாரையுமேதான்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சக்கரம் மஞ்சளானது அவரை அவ்வளவாக உலுக்கவில்லை. உலகத்தில் இப்படியும் ஒரு காரியம் செய்ய முடியும் என்பதுதான் உலுக்கியது. ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வியாழக்கிழமை, அக்காவை இரண்டு முறை தோற்கடித்த அதே அதிகாரி, காரை ஒரு சுற்று சுற்றி வந்து, "என்னம்மா இது?" என்றார். "ஊஞ்சல் மஞ்சள் சார்" என்றாள். அவர் எதையோ எழுதிக்கொண்டார். பின்பக்கமாக வரும் கட்டம் வந்தது. அக்கா ரிவர்ஸ் கியர் போட்டாள். பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். முன்பெல்லாம் அழுக்குச் சாம்பல் சக்கரம் அழுக்குச் சாம்பல் தரையோடு கலந்து, எங்கே முடிகிறது என்றே தெரியாது. இன்றைக்கோ பின்சக்கரம் எலுமிச்சம் பழமாகப் பளிச்சென்று தெரிந்தது. கோட்டுக்கும் அதற்கும் இடையிலான ஒரு சாண் இடைவெளியும் தெரிந்தது. கூம்பின் மேல் காற்றுக்கூடப் படாமல் நிறுத்தினாள். தேறினாள். காரிலிருந்து இறங்கியதும் அந்த அதிகாரியின் கையைப் பிடித்து அவர் தோள் கழலுமளவுக்குக் குலுக்கினாள்.

இப்போது அவள் தினமும் காரில்தான் தபால் நிலையம் போகிறாள். தெருப் பிள்ளைகள் உண்மையாகவே பின்னால் ஓடி வருகிறார்கள். அத்தானோ, "தோணுச்சு, மஞ்சள் போட்டுட்டேன், இதுக்கெல்லாம் யோசிக்கக் கூடாது" என்று வாயைத் திறந்து கிடப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறார். மறுத்துப் பேச அவர்களால் முடியாதல்லவா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்பிள்ளை, சக்கரத்துக்குப் பொருத்தமா வண்டியையும் மஞ்சளாக்கிடலாமா? நீ என்ன நினைக்கிற?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. நான் எதுவுமே நினைக்கவில்லை என்று சொல்லி நழுவினேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்து முடித்ததும், பக்கத்தில் இருப்பவரைத் தட்டி, "ஏன், நானும் இப்படித்தானா?" என்று கேட்கத் தோன்றினால், கேட்டுவிடாதீர்கள். பதில் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது.