திறந்து வைத்து எழுதும் பரீட்சை

கே.கே. நகர், மதுரை.
திங்கட்கிழமை மதியம்.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை டோனிக்கு,

அத்தான் ஆசீர்வாதம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காள் அற்புதமேரியும் மாதாவின் கிருபையால் சுகம். அங்கு உன் சுகத்துக்கும், வீட்டாரின் சுகத்துக்கும், கப்பலூர்ப் பட்டறையில் உன்னிடம் வேலை பார்க்கும் பதினோரு பேரின் சுகத்துக்கும் ஜெபித்துக்கொள்கிறேன். உன் சுகம் விசாரித்துக் கடைசியாக எப்போது கடிதம் போட்டேன் என்று யோசித்தேன். போட்டதே இல்லை. போனில் கேட்டால் நீ "ம்" என்பாய், பிறகு அக்காளிடம் கொடுக்கச் சொல்வாய். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை என்பதால் எழுதி உன் அக்காள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

என் மகள் ரூத் கோபித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து இன்றோடு நாலு நாள். என்ன நடந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். அழுத்தக்காரி, அவள் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். எனவே நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவன், எதையும் படிப்படியாக எழுதித்தான் பழக்கம். ஆனால் இந்த விவகாரத்தில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் என்ன தொடர்பு என்று எனக்கே விளங்கவில்லை.

உன் மருமகள் எம்.இ. சேர்ந்த நாளிலிருந்தே எனக்குப் பிடித்தது சனி. சாமி ஏழு வருஷம் கழித்துக் கொடுத்த ஒரே பிள்ளை, கட்டடங்கள் நிலநடுக்கத்தில் விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று படிக்கிறாள், பெருமைதான். ஆனால் அங்கே மார்க் போடுகிற முறை மனுஷனுக்குப் புரிகிற மாதிரி இல்லை. ஆகஸ்டில் ஒரு நாள் வந்து, பூஜ்யமாவது ரிவியூ முடிந்தது என்றாள். பூஜ்யமாவது என்று ஒன்று உலகத்தில் உண்டா? ஒன்றாவதுக்கு முன்னால் நடப்பது என்றாள். மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து, அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சித் தலைப்பைக் குடைந்தெடுப்பார்களாம். எத்தனை மார்க் என்றேன். மார்க் கிடையாது என்றாள். மார்க் இல்லாத கேள்விக்கு எந்தப் பிள்ளையாவது பதில் சொல்லுமா, நீயே சொல். போன மாசம் இன்னொரு கூத்து. எழுதிய அறிக்கையைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில் எட்டு சதவீதம் என்று சிரித்துக்கொண்டே வந்தாள். நூற்றுக்கு எட்டு வாங்கிவிட்டுச் சிரிக்கிறாளே, புத்தி பேதலித்துவிட்டதோ என்று நான் பயந்துபோனேன். கூடப் படிக்கும் முகேஷ் என்ற பையனுக்கு முப்பத்தெட்டு என்று கேள்விப்பட்டதும், அவனாவது பாஸ் மார்க்கைத் தாண்டியிருக்கிறானே, அவனிடம் கேட்டுப் படித்துக்கொள் என்று புத்திமதி சொன்னேன். உன் அக்காள் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, மற்றவர்கள் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான சதவீதமாம் அது. குறைய வாங்கினால்தான் நல்லதாம். முகேஷின் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்றிய மெழுகுவர்த்தியை என்ன செய்வது?

இந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் வியாழக்கிழமை பரீட்சை வந்தது. காலை ஆறு மணிக்கு ரூத் குளிக்கப் போயிருந்தாள். அவள் பை நாற்காலியில் இருந்தது. நான் திறக்கவில்லை, அது தானாகவே பாதி திறந்திருந்தது. உள்ளே தலையணை கனத்தில் ஒரு புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளும் பச்சையுமாக ஒட்டுத்தாள் நீட்டிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் பொடி எழுத்து. என் சர்வீஸில் சாக்ஸில் இருந்து பிட் எடுத்திருக்கிறேன், ஸ்கேலின் முதுகில் இருந்து எடுத்திருக்கிறேன், தண்ணீர் பாட்டில் லேபிளின் உள்பக்கத்தில் இருந்து எடுத்திருக்கிறேன். உன் சட்டைப் பையில் இருந்து எடுத்ததும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான், அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். ஆனால் முழுப் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போகிற துணிச்சலை நான் கண்டதில்லை, அதுவும் என் வீட்டில். கேட்டால் பிள்ளை அவமானப்படும், பரீட்சை நாளில் மனசு கெடும் என்று, சத்தமில்லாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். பை கனம் குறைந்தால் தெரிந்துவிடுமே என்று, உங்கள் அம்மா எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த பெரிய பைபிளை அந்த இடத்தில் வைத்தேன். கனத்துக்குக் கனம், ஆசிக்கு ஆசி என்று நினைத்தேன். வாரேம்ப்பா என்று சொல்லி அவள் காலேஜ் பஸ் ஏறினாள். பிள்ளையைப் பாவத்தில் இருந்து காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நான் ஆறு இடியாப்பம் சாப்பிட்டேன்.

ஒன்பதே கால் மணிக்கு, அப்படி என்னதான் எழுதியிருக்கிறாள் என்று புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே துறை முத்திரை. 'தேர்வறைக்குள் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தது. மாப்ள, மனுஷர்களை நான் சந்தேகப்பட்டிருக்கிறேன், முத்திரையைச் சந்தேகப்பட்டதில்லை. அது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதுகிற பரீட்சையாம். ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள் என்கிறாள் உன் அக்காள். எட்டு சதவீதத்தில் இருந்து நான் இன்னும் எழுந்திருக்காததால் இது காதில் விழவில்லை போலும்.

புத்தகத்தை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு அலங்காநல்லூர் சாலையில் பறந்தேன். பறந்தேன் என்பது கொஞ்ச தூரத்துக்குத்தான். பிறகு ஜல்லிக்கட்டு மாடு ஒன்றை நடைப் பயிற்சிக்கு ஓட்டிக்கொண்டு பத்துப் பையன்கள் சாலையை அடைத்துப் போனார்கள். ஹார்ன் அடித்தால் மாடு மிரளும் என்றார்கள், அதன் பின்னாலேயே காலை ஊன்றி ஊன்றிப் போனேன். காலேஜ் வாசலில் சேரும்போது மணி பத்து ஐந்து. காவலாளி நல்லகாமன் என்பவர், நெஞ்சில் பெயர் குத்தியிருந்தது, என்னையும் பார்த்தார், புத்தகத்தையும் பார்த்தார், ஒட்டுத்தாள்களையும் பார்த்தார்.

"அய்யா, பிட்டு குடுக்க வந்தவுக எம்புட்டுப் பேர நான் பாத்திருக்கேன். இம்புட்டு வயசுக்கு மேல ஒங்களுக்கு இது தேவையா?" என்றார்.

என்னைப் பார்த்து, மாப்ள. பறக்கும் படையில் போனவன், அந்தோணியார் திருவிழா அன்றுகூட மேற்பார்வைக்குப் போனவன். நான் யார் என்று சொன்னால் இன்னும் கேவலம். வேப்பமரத்தடியில் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வழியாக வந்த ரோகிணி மேடம், அந்தப் பாடம் நடத்தும் பேராசிரியை, விசாரித்து என்னை மேலே அழைத்துப் போனார். வராந்தா வழியாகப் போகும்போது பரீட்சை அறை தெரிந்தது. அறை முழுக்கப் பக்கம் புரட்டுகிற சத்தம். முப்பத்தைந்து வருஷமாக நான் காதைத் தீட்டிக்கொண்டு தேடிய சத்தம், அங்கே மழை மாதிரி பெய்துகொண்டிருந்தது, மேற்பார்வையாளர் பேசாமல் நிற்கிறார். நடுவில் என் பிள்ளை மட்டும் மூடிய பைபிளை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தை உள்ளே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். பரீட்சை ஆரம்பித்த பிறகு பென்சில்கூட உள்ளே போகக் கூடாது என்றார் மேடம். அந்தக் காலேஜில் எனக்குப் புரிந்த ஒரே விதி அதுதான். என் வாழ்நாளெல்லாம் நான் காத்த விதியும் அதுதான். அதை மீறச் சொல்லித்தான் நான் கையெடுத்துக் கும்பிட்டு நின்றேன். அவர் மறுத்தார். நீங்கள் செய்தது சரி என்று சொல்லிவிட்டு நான் அழுதேன்.

தன் அறைக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்து, கேள்வித்தாளையும் காட்டினார். மூன்று மணி நேரத்துக்கு நாலே கேள்வி. மூன்று மாடிப் பள்ளிக்கூடத்தின் மேல் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி கட்டப் போகிறார்கள், நிலநடுக்கம் வந்தால் தாங்குமா என்று ஒரு கேள்வி. தொட்டியின் கொள்ளளவையே காணோம். அச்சுப்பிழை என்று காட்டினேன். "பிழை இல்ல சார். என்ன விவரம் கொறையுதுனு பிள்ளைகளே கண்டுபிடிச்சுக் கேக்கணும், அதுக்குத்தான் பாதி மார்க்கு" என்றார். கணக்கைக் கொடுக்காமல் விடையைக் கேட்பதே அநியாயம், இது விடைக்குப் பதில் கேள்வியைக் கேட்கிறது. வருகிற புதன்கிழமைப் பரீட்சை வேறு மாதிரியாம். அதற்குப் புத்தகம் கூடாது, ஆனால் ஒரே ஒரு தாளில் இரண்டு பக்கமும் என்ன வேண்டுமானாலும் எழுதிக் கொண்டுவரலாம். பிட்டை அவர்களே கேட்டு வாங்குகிறார்கள். ஒரே நிபந்தனை, முழுக்க முழுக்க அந்த மாணவியின் கையெழுத்தாக இருக்க வேண்டும், வேறு கை ஒரு எழுத்துப் பட்டாலும் தாளை வாங்கி வைத்துவிடுவார்கள். எதை எழுதுவது, எதை விடுவது என்று யோசிக்கும்போதே பிள்ளை பாதிப் பாடத்தைப் படித்துவிடும் என்றார். எனக்குப் பாதி புரிந்தது.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் உள்ளே வந்து, அந்தப் பொண்ணோட பைபிளைப் புரட்டிப் பார்த்ததில் இது இருந்தது மேடம் என்று ஒரு துண்டுச் சீட்டை மேஜையில் வைத்தார். பழுப்பேறிய சீட்டு. டோனி, அது உன்னுடையது.

1996, பிளஸ் டூ திருப்புதல் தேர்வு. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். உன் சட்டைப் பையில் இருந்து நான் எடுத்த சீட்டு. நீ "அத்தான்" என்றாய், பள்ளிக்கூடத்தில் அத்தான் கிடையாது என்று தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அன்றைக்குப் போனவன் நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே திரும்பவில்லை, அரசுத் தேர்வும் எழுதவில்லை, நேரே லேத் பட்டறைக்குப் போனாய். சீட்டு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. எறிய மனசு வராமல் பைபிளுக்குள் வைத்தேன், அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தையே நான் படிப்பதில்லை.

ரோகிணி மேடம் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது பன்னிரண்டாம் வகுப்புத் தொகையீடு ஆச்சே, இதை வைத்து அவள் என்ன செய்யப் போகிறாள் என்றார். பிறகு, சைன் எக்ஸின் தொகையீட்டில் மைனஸ் விட்டுப் போயிருக்கு, யாரோ சிவப்பு மையில் போட்டிருக்காங்களே, யாரு என்று கேட்டார். நான்தான் என்றேன். முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரூத்தை எழுதவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, சீட்டை என் கையில் கொடுத்தார்.

ஒரு மணிக்கு ரூத் வெளியே வந்தாள். திட்டுவாள் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை. "பையத் தொறந்ததுகூடப் பரவால்லப்பா. நான் பிட்டு அடிப்பேன்னு நெனச்சிட்டீங்கள்ல" என்றாள். அவ்வளவுதான். தோழியின் வண்டியில் ஏறி உன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு பென்சில் திருடாத பிள்ளை. அந்த வாக்கியம் வியாழக்கிழமையில் இருந்து எனக்குச் சாப்பாட்டை இறங்கவிடவில்லை.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் பரணில்தான் கிடக்கிறது. வருஷா வருஷம் அவள்தான் கட்டுவாள். நீ சொன்னால் கேட்பாள், மாப்ள. அப்பா திருந்திவிட்டான் என்று சொல். இனி அவள் பையைத் தொடமாட்டேன், அவள் படிப்பில் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டேன், இது சத்தியம். உன்னிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைக்கலாம், நியாயம்தான். அன்றைக்கு உன்னிடம் சீட்டை வாங்கியது சரி. ஏன்டா இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காதது தப்பு. அதை எழுத எனக்கு இருபத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், அது உன் பொருள்.

உன் வீட்டாருக்கு என் அன்பு. குட்டி ஆஷ்லினுக்கு முத்தங்கள். உன் பட்டறை மேலும் பெருக, உன் கைக்கு ஒரு காயமும் வராமல் இருக்க, மாதா துணை நிற்பாளாக.

இப்படிக்கு,
உன் அத்தான்,
ச. ஆசீர்வாதம், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்.

பி.கு.: உன் அக்காள் ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு சத்தம் போடுகிறாள். ரூத்துக்குக் கொடுத்தனுப்பும் புத்தகங்களை நான்தான் பையில் அடுக்கினேன், அடுக்கும்போது கோப்பில் இருந்து ஒரு தாள் விழுந்தது. புதன்கிழமைக்கான அந்த ஒற்றைத் தாள், இரண்டு பக்கமும் முத்து முத்தாக எழுதியிருக்கிறாள். சும்மாதான் பார்த்தேன். மூன்றாவது வரியில் மைனஸ் விட்டுப் போயிருந்தது. கீழ்நோக்கிப் போவதற்கு மைனஸ்தானே போட வேண்டும்? கை பழக்கதோஷம், போட்டுவிட்டேன். புள்ளி வைக்கவில்லை, சின்னக் கோடுதான். போட்ட பிறகுதான் வேறு கை படக் கூடாது என்று மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. சிவப்பு மை அழியாது என்பது உனக்கே தெரியும். வெள்ளைத் தாள் இரண்டு வைத்திருக்கிறேன், அவளை மறுபடி எழுதச் சொல். ஏன் என்று கேட்டால் தண்ணீர் பட்டுவிட்டது என்று சொல். வேண்டாம், அப்பாதான் என்றே சொல்லிவிடு. எழுதும்போது சிவப்புக் கோட்டைப் பார்க்க வேண்டாம். இப்போதுதான் அவள் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், அதில் கீழ்நோக்கியதைத்தான் பிளஸ் என்று வைத்திருக்கிறார்கள். அவள் எழுதியதுதான் சரி.